வேடியப்பன் கல்லில் என் கணவர் பெயர்

1

மகள் கயலுக்குப் பதினெட்டு முடிந்த வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. இனி அவள் எங்கள் குடும்ப அட்டையில் வரமாட்டாளாம். வேண்டுமானால் தனியாக இளைஞர் அட்டை வாங்கிக்கொள்ளலாமாம். எங்களுக்கு மட்டும் புதுப்பிக்க ஒரு படிவம் இணைத்திருந்தார்கள்.

குடும்ப அட்டை என்றதும் அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே இங்கிலாந்தில் பழைய கோட்டைகள், மாளிகைகள், இடிந்த மடங்கள், அவற்றைச் சுற்றிய தோட்டங்கள் எல்லாவற்றையும் வைத்துக் காப்பாற்றும் அறக்கட்டளைகள் இருக்கின்றன. ஆண்டுக்கொரு முறை சந்தா கட்டினால் யாரும் உறுப்பினராகலாம். உங்கள் முப்பாட்டன் யார், எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்பதில்லை. உறுப்பினருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, கார் நிறுத்தக் கட்டணம் கிடையாது. காரின் கண்ணாடியில் ஒட்ட ஒரு வில்லை, தலையணை மொத்தத்தில் ஒரு கையேடு, பருவத்துக்கு ஒரு பத்திரிகை, தேநீர்க் கடையில் கொஞ்சம் தள்ளுபடி.

நாங்கள் சேர்ந்ததற்குக் காரணம் வரலாற்று ஆர்வம் என்று சொன்னால் பொய். கயலுக்கு அப்போது ஐந்து வயது. நல்ல மழை. காரில் போய்க்கொண்டிருக்கும்போது அவளுக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்துவிட்டது. கண்ணில் பட்ட மாளிகைக்குள் வண்டியைத் திருப்பினோம். வாசலில் நின்ற பையன், இன்றே சேர்ந்தால் நிறுத்தக் கட்டணம் வேண்டாம் என்றான். என் கணவர் குமரேசன் வேலூர்ப் பக்கம் கணியம்பாடிக்காரர். காசு வேண்டாம் என்று யார் எதைச் சொன்னாலும் அது என்ன என்று கேட்பார். சேர்ந்துவிட்டோம். கட்டியதை எடுத்துவிட வேண்டும் என்று அந்த ஆண்டு முழுக்க ஞாயிறு தவறாமல் கோட்டை கோட்டையாக எங்களை இழுத்துக்கொண்டு அலைந்தார்.

முதன்முதலில் போன ஒரு மடத்தில் கூரையே இல்லை. நான்கு சுவரும் புல்லும்தான். ஆனாலும் சாமி இருந்த இடம் என்று சொன்னதால் நான் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் நடந்தேன். மார்கரெட் என்ற பெரிய மனுஷி, அங்கே சம்பளமில்லாமல் காவல் பார்ப்பவர், காலில் அடிபட்டுவிட்டதோ என்று கையில் மருந்துப் பெட்டியோடு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் தன் காலணியைக் கழற்றினார். அன்றிலிருந்து பழக்கம்.

கடிதத்தைக் கயலிடம் காட்டினேன். உனக்கும் ஒன்று எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"எனக்கு வேணாம்மா. அது உங்க ரெண்டு பேர் விஷயம்," என்றாள், போனிலிருந்து தலை தூக்காமல். சின்ன வயதில் அந்த வில்லையை ஒட்ட அவளும் அவள் அப்பாவும் சண்டை போடுவார்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

2

எங்கள் ஊர் ஜவ்வாது மலைமேல். செங்கத்தில் பஸ் ஏறினால் வளைந்து வளைந்து மேலே வந்து, இறங்கி, சாமைக் கொல்லைகளுக்கு நடுவில் அரை மணி நடக்க வேண்டும். ஊருக்கு மேற்கே, புளியமரங்கள் முடிகிற இடத்தில், என் மார்பு உயரத்துக்கு ஒரு பலகைக்கல் நிற்கிறது. அதில் வில் பிடித்த ஒருவன். காலடியில் இரண்டு மாடுகள். தலைக்கு மேலே நாலைந்து வரி எழுத்து. எந்தக் காலத்திலோ மாடு மீட்கப் போய்ச் செத்தவன். எங்களுக்கு அவன் வேடியப்பன். செங்கம் பக்கம் இப்படி நிறைய வேடியப்பன்கள் உண்டு. எங்களுடையவனின் எழுத்தை ஊரில் யாரும் படித்ததில்லை. தலைமுறை தலைமுறையாக எண்ணெய் தடவித் தடவி அது கறுத்துக் கிடந்தது.

அவனுக்குக் கூரை கிடையாது, பூசாரி கிடையாது. தை மாதத்தில் ஒரு நாள் ஊர் கூடிக் கல்லைச் சுற்றியுள்ள புதரை வெட்டும். அன்றைக்கு ஊர்க்கவுண்டர் தலைக்கட்டுப் பட்டியலைக் கூப்பிடுவார். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண் ஒருவன், அவன் வீடு. பெயரைக் கூப்பிட்டதும் அந்த வீட்டு ஆள் அங்கே நின்று 'வந்தாச்சு' என்று சொல்ல வேண்டும். சொன்னால் வெட்டுவதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவார். கல்லைத் தொட்டுக் கழுவி எண்ணெய் வைக்கிற முறை ஆண்டுக்கு ஒரு வீட்டுக்கு வரும். அந்த ஆண்டு அந்த வீட்டைத் தவிர வேறு யாரும் கல்லைத் தொடக்கூடாது. மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் அந்தப் பெயர் அடுத்த ஆண்டு பட்டியலில் இருக்காது.

பெண் பிள்ளைகள் பட்டியலில் வருவதில்லை. கட்டிக் கொடுத்துவிட்டால் வேறு ஊர். நான் நர்சிங் படித்து, கட்டிக்கொண்டு, கடல் தாண்டி வந்தவள். வேறு ஊரிலும் வேறு ஊர்.

3

கயல் வேண்டாம் என்று சொன்ன அதே வாரத்தில் ஊரிலிருந்து ஒரு போட்டோ வந்தது.

அதற்கு முன்னால் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இங்கே மாளிகைத் தோட்டங்களில் மரப் பெஞ்சுகள் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் சின்னப் பித்தளைத் தகட்டில் யார் நினைவாக யார் கொடுத்தது என்று இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை. வேடியப்பன் மழையில் நனைகிறானே, நாலு தூண் நட்டு ஒரு கூரை போடலாமே என்று தம்பி கோவிந்தனுக்குப் பணம் அனுப்பினேன். கடைசியில், பெயர் போடுவதாக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எழுதாமல் இருந்திருக்கலாம்.

போட்டோவில் கூரை அழகாகத்தான் இருந்தது. கீழே வழவழவென்று டைல்ஸ். வேடியப்பன் தலைக்கு மேலே பளபளவென்று ஒரு கறுப்புக் கிரானைட் பலகை. அதில் தங்க எழுத்தில்: உபயம், திரு. குமரேசன், லண்டன்.

நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து லண்டனுக்கு ரயிலில் நாலு மணி நேரம். குமரேசன் அந்தக் கல்லைக் கல்யாணத்துக்கு மறுநாள் ஒரே ஒரு தடவை பார்த்தவர். அன்றும் காலில் அட்டைப்பூச்சி கடித்துவிட்டது என்று சீக்கிரம் கிளம்பிவிட்டார்.

உடனே போனில் கோவிந்தனைக் கூப்பிட்டேன்.

"அந்தப் பலகைய எதுமேல ஒட்டினீங்க?"

"கல்லு மேலதாங்க்கா. சாமி தலைக்கு மேல பளிச்சுனு தெரியுதில்ல?"

"அங்க எழுத்து இருந்துச்சே கோவிந்தா!"

"எந்த எழுத்து? அந்தக் கோழிக் கிறுக்கலா? யாருக்குக்கா அது படிக்கத் தெரியும்? இது எல்லாரும் படிக்கறாங்க. மாமா பேரு ஊருக்கே தெரியுது. இன்னா, நல்லா இல்லியா?"

"எதுல ஒட்டினீங்க?"

"சிமெண்ட்லதான். ஆயுசுக்கும் வுழாது."

அவன் குரலில் அத்தனை சந்தோஷம். என்னால் திட்டவும் முடியவில்லை. உன் பேரையும் போடலாமென்றுதான் பார்த்தோம், இடம் பத்தவில்லை என்று ஆறுதல் வேறு சொன்னான்.

போனை வைத்துவிட்டு அழுதேன். கயல் வந்து போட்டோவைப் பார்த்தாள்.

"இது அப்பா பேரு. உன் பேரு எங்க?"

"இல்ல."

"உங்க ஊர் லிஸ்ட்ல?"

"அதுலயும் இல்ல."

"ஆனா இங்க கோட்டைக்கெல்லாம் நீ மெம்பர்," என்று சொல்லிவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள். குத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் குத்தியது. என் கைப்பையில் ஆஸ்பத்திரி அட்டை, வெளிநாட்டு இந்தியர் அட்டை, அறக்கட்டளை அட்டை என்று மூன்று இருந்தன. மூன்றிலும் போட்டோ பிடித்தோ கையெழுத்து வாங்கியோ நான் நான்தான் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பலகையை எடுத்தே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

4

மார்கரெட்டிடம் போனேன். போட்டோவைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். பிறகு, இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று என்னை அந்த மடத்தின் பின்பக்கச் சுவருக்கு அழைத்துப் போனார். நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு பிரபு பழைய கல்லின் மேல் சிமெண்ட் பூசித் தன் பெயரைப் பதித்திருந்தான். அதை எடுக்க அவர்கள் பட்ட பாட்டைச் சொன்னார்.

அங்கே கல் வேலை பார்க்கும் ஒருவரிடம் என்னைக் கொண்டு போய் உட்காரவைத்தார். அவர் பொறுமையாகச் சொன்னார். சுத்தியலும் உளியும் பழைய கல் பக்கமே போகக்கூடாது. ஆசிட் கூடவே கூடாது. பலகைக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள சிமெண்டை மட்டும், மெல்லிய கம்பி ரம்பத்தால், நனைத்து நனைத்து, ஓரத்திலிருந்து அறுக்க வேண்டும். அவசரப்பட்டால் எழுத்தும் சேர்ந்து வரும். முடிந்தால் இதற்கென்று படித்தவர்களைக் கூப்பிடுங்கள் என்றார். மலைக்கு யார் வருவார்கள் என்றேன். அப்படியானால் நாள் கணக்குப் பார்க்காமல் செய்யுங்கள் என்று சொல்லி, இரண்டு கம்பி ரம்பங்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். இந்தச் சலுகை கையேட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

விடுப்பு கேட்கப் போனேன். எங்கள் வார்டுப் பொறுப்பாளர் நல்லவர்தான். ஆனால் அவருக்கு இந்தியா என்றால் கல்யாணம் அல்லது சாவு. இரண்டில் எது என்று கேட்டார். ஒரு கல்லைச் சுத்தம் செய்யப் போகிறேன் என்றேன். கல்லறையா என்று குரலைத் தாழ்த்தி வருத்தம் தெரிவித்தார். விளக்கினால் விடுப்பு குறையும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

5

தை பிறந்து மூன்றாம் நாள் ஊர் போய்ச் சேர்ந்தேன். புதர் வெட்டும் நாளுக்குப் பத்து நாள் இருந்தது. கோவிந்தன் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பெண்டாட்டி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டதும் ஊர்க்கவுண்டரைப் பார்க்கப் போனோம். எங்களுக்குப் பெரியப்பா முறை. விஷயம் தெரிந்து ஊர்க்காரர்கள் சிலரும் அங்கே கூடிவிட்டார்கள்.

"பலகைய எடுக்கணும் பெரியப்பா."

"உபயம் வெச்சத எடுத்தா நல்லாருக்குமா தனம்? உன் வூட்டுக்காரரு இன்னா நெனப்பாரு?"

"அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

"அத அவரு சொல்லட்டும்."

பல்லைக் கடித்துக்கொண்டு குமரேசனுக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். அங்கே காலை. மனிதர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துடுங்க பெரியப்பா, புண்ணியமா போகும். நான் லண்டன்லயே இல்ல. அந்தப் போட்டோவ யாரோ குரூப்ல போட்டுட்டாங்க. கணியம்பாடியில இருக்கறவன் அத்தன பேரும் லண்டன்ல வேல வாங்கித் தாடான்னு உயிர எடுக்கறானுங்க."

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பாவும் சிரித்தார். ஆனால் பிடியை விடவில்லை.

"சரி, எடுக்கலாம். யாரு எடுக்கறது? கல்லத் தொடணுமே. இந்த வருசம் முறை காளியப்பன் வூடு. நீ தொடக் கூடாது. நீ தலைக்கட்டு கெடயாது."

காளியப்பன் செத்துப் பல வருடம் ஆகிறது. அவர் மனைவி வெள்ளச்சி சித்திதான் ஆண்டுதோறும் நின்று, செத்தவர் பெயருக்கு 'வந்தாச்சு' சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிள்ளை இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் நின்றவள் முன்னால் வந்தாள்.

"என் முறைதான? நான் கூட நிக்கறேன், அவ எடுக்கட்டும். எனக்குக் கண்ணு தெரியல. வேல தெரிஞ்சவ அவதான்."

பெரியப்பா தாடையைத் தடவினார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. வந்ததே அதைக் கேட்கத்தான் என்பது கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"என்னயும் தலைக்கட்டா சேத்துக்குங்க பெரியப்பா. என் பேர்ல. தலைக்கட்டு வரி எவ்ளோ ஆனாலும் குடுத்துடறேன்."

கோவிந்தன், "இன்னாக்கா இது," என்று முணுமுணுத்தான்.

பெரியப்பா கோபப்படவில்லை. அதுதான் என்னைக் கலங்க வைத்தது. "வரி எவன் வேணா குடுப்பான் தனம். நீ பணம் அனுப்பித்தான இந்தப் பலகை வந்துச்சி? வருசா வருசம் வந்து நிப்பியா? ஆளு வெச்சி வெட்டக் கூடாது. தம்பிய நிக்கச் சொல்லக் கூடாது. உன் கையில கொடுவா இருக்கணும். முடியுமா?"

எனக்கு வருடத்தில் கிடைக்கும் விடுப்பு, டிக்கெட், குமரேசனின் முதுகு வலி, கயலின் கல்லூரி எல்லாம் மனசுக்குள் ஓடின. அட்டை வாங்கிய இடத்தில் என்னென்ன கிடைக்கும் என்று பட்டியல் கொடுத்தார்கள். இங்கே என்ன தருவாய் என்று கேட்கிறார்கள்.

"முடியும்," என்றேன்.

"அப்ப கூப்புடறேன். பலகைய வெள்ளச்சி முன்னால நீயும் உன் தம்பியும் எடுங்க. ஒரு வருசம் வரலன்னா அதோட போச்சி. அப்புறம் வந்து என்கிட்ட அழக் கூடாது."

"அவ பேர்ல அவளக் கூப்புடுவ," என்றாள் வெள்ளச்சி சித்தி. "அப்ப என்னயும் என் பேர்லயே கூப்புடு. செத்தவனுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாயி வலிக்குது."

6

பலகையை எடுக்க ஆறு நாள் பிடித்தது. சித்தி குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பாள். நானும் கோவிந்தனும் ஆளுக்கொரு பக்கம் கம்பியைப் பிடித்து இழுப்போம். முதல் நாள் முழுக்க அவன் என்னோடு பேசவில்லை. இரண்டாம் நாள் ஒரு ரம்பம் அறுந்தது. மூன்றாம் நாள், சிமெண்டைக் கனமாகப் பூசச் சொன்னதே தான்தான் என்று அவனாகச் சொன்னான். காற்றுக்கு விழுந்து யார் தலையையாவது உடைத்துவிடக் கூடாதே என்ற பயமாம். பெயர் போடச் சொன்னதே நான்தான் என்று நானும் சொன்னேன். அதன் பிறகு வேலை சீராக நடந்தது.

ஆறாம் நாள் உச்சிப் பொழுதில் பலகை கையோடு வந்தது. பின்னால் ஒட்டியிருந்த சிமெண்டை மூங்கில் சில்லால் சுரண்டினோம். எண்ணெய்ப் பிசுக்கும் சிமெண்டோடு வந்துவிட்டதால், எங்கள் ஊரில் யாரும் பார்க்காத அளவுக்கு எழுத்து தெளிவாகத் தெரிந்தது. அத்தனை பேரும் வந்து பார்த்தார்கள். படிக்கத் தெரியாவிட்டாலும் நின்று பார்த்தார்கள்.

கடைசி வரியின் வலது ஓரத்தில் கல் பெயர்ந்திருந்தது. பலகையைத் திருப்பிப் பார்த்தேன். சிமெண்டில் இரண்டு எழுத்தின் தோல் ஒட்டியிருந்தது. தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அது அவன் பெயரின் முடிவோ, அவன் ஊரின் முடிவோ, இனி யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு எழுத்து என்னால் போனது. கோவிந்தன், "வுடுக்கா, மீதி இருக்குதே," என்றான். மீதி இருக்கிறதுதான். ஆனாலும் அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுத்து படிப்பவர் ஒருவர் வரும்வரை எண்ணெயை எழுத்துக்குக் கீழே, உருவத்தின் மேல் மட்டும் வைப்பது என்று வெள்ளச்சி சித்தியே சொல்லிவிட்டாள். முறைக்காரி சொன்னால் அந்த வருடத்துக்கு அதுதான் சட்டம். உபயப் பலகை இப்போது கோவிந்தன் வீட்டில் துணி துவைக்கும் கல். குமரேசனிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

7

புதர் வெட்டும் நாள் காலையில் எல்லோரும் புளியமரத்தடியில் நின்றோம். நல்ல பனி. பெரியப்பா நின்றபடியே கூப்பிட்டுக்கொண்டு போனார். பட்டியல் எழுத்தில் கிடையாது, அவர் வாயில்தான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு 'வந்தாச்சு'. கோவிந்தன் பெயர் வந்தது, பதில் சொன்னான். வெள்ளச்சி வூடு என்றார். சித்தி சொன்ன 'வந்தாச்சு'வுக்கு மரத்தில் இருந்த காக்கை பறந்தது.

"தனம் வூடு."

அது யார் என்று பார்த்தேன். சத்தியமாகத் திரும்பிப் பார்த்தேன். நாற்பத்தேழு வருஷத்தில் அப்படி ஒரு வீட்டை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"தனம் வூடு," என்றார் மறுபடி. குரலை உயர்த்தவும் இல்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

கோவிந்தன் முழங்கையால் இடித்தான்.

"வந்தாச்சு," என்றேன். அது பாதிதான் வெளியே வந்தது. பெரியப்பாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

"மேற்கால பக்கம். முள்ளு ஜாஸ்தி, பாத்து," என்று கொடுவாளை நீட்டினார்.

சாயங்காலம் வரை வெட்டினேன். விரல்களில் கொப்புளம் வந்து, ஒன்று உடைந்தது. நர்ஸ் என்ற பெயருக்குக்கூட ஒரு கட்டு போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

திரும்பி வந்தபோது இங்கே வாசலில் அறக்கட்டளையின் இரண்டாவது நினைவூட்டல் கிடந்தது. எங்களை இழக்க அவர்களுக்கு மிகவும் வருத்தமாம். இரண்டு பேருக்கும் புதுப்பித்துவிட்டேன். மார்கரெட்டுக்கு ஒரு படி சாமையும், கல் வேலைக்காரருக்கு அறுந்த ரம்பத்துக்கு மன்னிப்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கயல் என் கையைப் பிடித்துக் கொப்புளத்தைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் நீ போகலன்னா லெட்டர் போடுவாங்களா?"

"போட மாட்டாங்க."

"அப்புறம்?"

"மூணு தடவ கூப்புடுவாங்க. நான் அங்க நின்னு பதில் சொல்லணும்."

"நீ செத்துட்டா?"

இந்த ஊர்ப் பிள்ளைகள் இதையெல்லாம் பட்டென்று கேட்டுவிடுவார்கள். "தெரியல. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல," என்றேன். அவள் போய்க் கட்டுத்துணி எடுத்து வந்தாள்.

அடுத்த தை மாதத்துக்கு இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற கட்டத்தில் போன தடவை போல மழுப்பவில்லை. மேற்குப் பக்கம் புதர் வெட்ட வேண்டும் என்று எழுதினேன். பொறுப்பாளர் இரண்டு தடவை படித்துவிட்டு, வேறு யாரும் வெட்ட மாட்டார்களா என்று கேட்டார்.

வெட்டக்கூடாது என்றேன். கையெழுத்துப் போட்டார்.